நார்வேக்குப் போக அக்காவிடம் உத்தரவு

நார்வே போய்வந்ததைப் பற்றி எழுது எழுது என்று நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பதினாலு நாளில் பன்னிரண்டு நாள் எனக்கு முட்டி வலித்தது, மீதி நேரம் பாத்ரூம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். எழுதும்படி நடந்ததில் பெரும்பகுதி கிளம்புவதற்கு முந்தின வாரம் புதுச்சேரிக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. அதனால் இந்தப் பயணத்தில் பாதித் தூரம் நீங்கள் பாஸ்போர்ட் இல்லாமலே வரலாம்.

போனது மூன்று பேர். முதலில் மாமா ஆறுமுகம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர், வயது அறுபத்தேழு, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். அடுத்து என் மனைவி விஜயா. கணக்கு டீச்சர், எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டாள். மூன்றாவது நான். தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் மூடி போடுகிறேன், என் வாய்க்கு ஒன்று போட முடிந்ததில்லை.

மாமா என் அக்கா தனத்தின் புருஷன். அக்கா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷத்தில் மாமா தானாக வாயைத் திறந்து ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் கையில் வழவழப்பான புத்தகத்தோடு வந்தார். ஐந்து நாள் மலையில் நடை, ஏழு நாள் கப்பல், போக வர இரண்டு நாள், வயதானவர்களுக்கென்றே போட்ட பயணம். நடுப்பக்கத்தில் தண்ணீருக்குள்ளிருந்து மலை செங்குத்தாக எழுந்து நின்றது.

"உங்க அக்கா பாக்கணும்னு கேட்ட எடம். நீங்களும் வாங்க. செலவு என்னுது" என்றார்.

நான் மறுத்துப் பேசும் பழக்கமில்லாதவன், குறிப்பாக அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு.

புத்தகத்தோடு ஒரு விண்ணப்பப் படிவமும் இருந்தது. மேடு பள்ளத்தில் ஆறு கிலோமீட்டர் நடப்பீர்களா, கைப்பிடி இல்லாமல் படி ஏறுவீர்களா, ஆடுகிற படகில் பிறர் தூக்கிவிடாமல் ஏறி இறங்குவீர்களா என்று கேட்டு, கீழே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். வேறு யாராவது என்றால் டிக் அடித்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். மாமா ராணுவக்காரர். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒத்திகை என்று அறிவித்துவிட்டார்.

முதல் நாள், நடை. காலை ஐந்தரைக்கு பீச் ரோட்டில் கூடினோம். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நாலு நடை. "அலே, அலே" என்று மாமா பிரெஞ்சில் விரட்ட, நான் இரண்டாவது நடையிலேயே பெஞ்சுகளை ஏக்கமாகப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மாமா தன் இடது பக்கம் ஓராள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டே நடந்தார். எதிரே கூட்டமாக ஆட்கள் வந்தால் வலது பக்கம் ஒதுங்கி, அந்த இடத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவது போல நகர்ந்தார். ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. மாமாவின் வழியில் அது இல்லை. இருந்தாலும் நின்றார், இரண்டு விநாடி காத்திருந்தார், பிறகு நடந்தார்.

நான் சும்மா இருக்கலாம். வேகமாகப் போய் அந்தக் காலி இடத்தில் நுழைந்து அவரோடு நடந்தேன். அங்கே கடற்காற்று இல்லை. கடலுக்கும் எனக்கும் நடுவில் எதுவும் இல்லாதபோது காற்று மட்டும் எப்படி நிற்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அங்க வராத மாப்ள. இந்தாண்ட வா" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமலே.

இரண்டாம் நாள், சாப்பாடு. கப்பலில் கிடைப்பது ரொட்டியும் குளிர்ந்த மீனும்தான், வயிற்றைப் பழக்க வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. பேக்கரியிலிருந்து முழங்கை நீளத்தில் பகேத் ரொட்டி, சீஸ், வினிகரில் ஊறிய வெங்காயம். விஜயா கைப்பையிலிருந்து பருப்புப் பொடி டப்பாவை எடுத்தாள், மாமா அதைப் பறிமுதல் செய்தார். ரொட்டியைக் கடித்து இழுத்ததில் எனக்குத் தாடை கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது.

மேஜையில் நாலு தட்டு இருந்தது. விஜயா இரண்டு தடவை எண்ணினாள்.

"அண்ணா, இன்னும் யாராவது வர்றாங்களா?"

"இல்லம்மா. சாப்புடு."

சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுத்துப் போனவள் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். நாலாவது தட்டைக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் ரொட்டித் தூள் கொஞ்சம், விரலால் ஒதுக்கிவைத்தது போல. அக்கா எதைச் சாப்பிட்டாலும் தூளை அப்படித்தான் ஓரமாகச் சேர்ப்பாள்.

"நீங்க கொட்டினீங்களா?" என்றாள் விஜயா.

நான்தான் என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் நாள், படகு. அரியாங்குப்பம் ஆறு கடலோடு சேருகிற இடத்தில், மாமாவுக்குத் தெரிந்த மீன்காரர் செல்வம் தன் பைபர் படகில் ஏற்றிக்கொண்டார். ஏறும்போதே நான் ஒரு செருப்பை ஆற்றுக்குக் கொடுத்தேன். மாமா இடது பக்கப் பலகையில் உட்கார்ந்தார், பக்கத்தில் காலி இடம். நானும் விஜயாவும் வலது பக்கம். என் எடை எண்பத்தாறு கிலோ. விஜயாவின் எடையை எழுதினால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால் படகு எங்கள் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

படகு மாமாவின் பக்கம் சாய்ந்தது.

செல்வம் முதலில் இஞ்சினைப் பார்த்தார், பிறகு அடித்தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். "சார், அந்தாண்ட இன்னா வச்சிருக்கீங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஒன்னும் இல்லியே."

"பின்ன ஏன் அந்தப் பக்கம் இழுக்குது?"

"நான் மாமாவுக்கு மரியாதை கொடுத்து மூச்சைப் பிடிச்சிருக்கேன், அதான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நடு ஆற்றில் இஞ்சின் நின்றது. செல்வம் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். கால் மணி நேரம் படகு சாய்ந்தபடியே மிதந்தது. மாமா மட்டும் கையைப் பலகையில் நீட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் செல்வம் முதலில் இறங்கி ஒவ்வொருவருக்காகக் கைகொடுத்தார். விஜயா இறங்கினாள், நான் விழுந்தேன், மாமா தானாக இறங்கினார். செல்வம் நீட்டிய கையை எடுக்கவில்லை. காலிப் பலகையை நோக்கி இன்னும் நீட்டியபடி நின்றார். பிறகு அவருக்கே அது உறைத்தது. கையை இழுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"நாலு பேருதானே ஏறுனீங்க?" என்றார் என்னிடம் மெதுவாக.

நான்காம் நாள் மூட்டை கட்டுவது. மாமாவின் பெட்டியை விஜயா அடுக்கினாள். அவருடைய மாத்திரைகளுக்கு, கிழமை அச்சடித்த ஏழு அறை டப்பாக்கள் இரண்டு. மூடி நன்றாகச் செய்திருந்தார்கள், தொழில்காரனாகச் சொல்கிறேன். பதினாலு நாளுக்குப் பதினாலு அறை. விஜயா திறந்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பத்து அறையில் மாத்திரை இருந்தது. கடைசி நாலு காலி.

"அண்ணா, மாத்திர தீந்துடுச்சா? வாங்கியாறச் சொல்லவா?"

"வேணாம்மா. போதும்."

"பத்து நாளுக்குத்தான் இருக்கு."

"பத்தாவது நாளு அந்த எடம் வந்துடும்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் இன்னா" என்று மாமா டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி, மூடியை அழுத்தி மூடினார். கோபமில்லை, வருத்தமில்லை. பஸ் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைக்கிறவர் முகம் போலிருந்தது.

வீட்டுக்கு நடந்து வந்து கேட்டைத் திறக்கும்போதுதான் விஜயா சொன்னாள். "பயணத்த நிறுத்திடலாம்."

"நிறுத்தினா இங்கயே மாத்திரைய நிறுத்துவாரு. அதுக்குக் கப்பல் எதுக்கு."

"யாரு சொன்னாதான் கேப்பாரு?"

யார் சொன்னால் கேட்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாள் அக்காவிடம்தான் உத்தரவு கேட்பதாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். கல்யாணமோ நெடும்பயணமோ, நல்ல காரியம் எதற்கும் முன்னால் பம்பை மேளம் அடித்து, கிணற்றங்கரையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, செம்புத் தண்ணீரில் வீட்டுக்கு அழைத்துவருவோம். புதுப்புடவை வைத்துப் படைப்போம். சொந்தத்தில் யார் மேலாவது அவள் வந்து உத்தரவு சொல்வாள். அக்கா சொல்லாமல் கடல் தாண்டமாட்டேன் என்று மாமா ஏற்பாடு செய்திருந்தார்.

"உங்களுக்குத்தான் அண்ணி குரல் அப்படியே வருமே" என்றாள் விஜயா.

வரும். சின்ன வயதிலிருந்து அக்கா மாதிரிப் பேசிக்காட்டுவதுதான் என் முதல் வித்தை. அடுத்த அறையிலிருந்து அவள் குரலில் கூப்பிட்டு மாமாவை எத்தனையோ முறை ஓடிவர வைத்திருக்கிறேன். அக்கா போன பிறகு அதைத் தொட்டதில்லை. சாமி வந்ததாக நடிப்பது பாவம்தான். ஆனால் இதைச் சொன்னது கணக்கு டீச்சர். மூன்று வாக்கியம் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவும் வைத்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வைத்திக்குப்பம் கடற்கரை. பம்பைக்காரர் கோவிந்தன், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர், வாராந்திர லீவில் வந்திருந்தார். கடலைப் பார்த்ததும் பம்பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"ஐயா, கெணத்தாண்ட தானே கூப்புடுவாங்க?"

"கெணறு எங்க இருக்கு? எல்லாத்தையும் மூடிட்டு போர் போட்டாச்சி" என்றார் மாமா. "நாங்க போறது கடல்ல. இங்கயே கூப்புடு."

"கெணத்துல கூப்புட்டா திரும்பிக் கெணத்துல கொண்டுபோய் வுட்டுடுவோம். அதுக்கு ஒரு கரை இருக்கு. இதுல கூப்புட்டா எங்கன்னு கொண்டுபோய் வுடுறது?"

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, செம்போடு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். கோவிந்தன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பம்பை அடிக்க ஆரம்பித்தார்.

தனம் தனம் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். மாமா செம்பை அமிழ்த்தித் தூக்கியபோது கை கீழே போனது. ஒரு செம்புத் தண்ணீருக்கு அறுபத்தேழு வயது ராணுவக்காரர் இரண்டு கையும் கொடுக்க வேண்டியிருந்தது. வீடு வரைக்கும் இடுப்பில் வைத்தே சுமந்துவந்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு வேண்டாமென்று தலையாட்டினார்.

வீட்டுக் கூடத்தில் செம்புக்கு அரக்குச் சிவப்புப் புடவை சாத்தி, பூ வைத்து, இலை போட்டாயிற்று. பம்பைச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் யார் மேலும் எதுவும் வரவில்லை. சொந்தக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தனுக்கு வேர்த்துக் கொட்டியது. மாமாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. விஜயா எனக்குக் கண் காட்டினாள்.

நான் ஆட ஆரம்பித்தேன். தொப்பையோடு ஆடுவது எப்படியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வேட்டி இடுப்பில் நிற்குமா என்ற ஒரே கவலையோடுதான் ஆடினேன். கண்ணை மூடிக்கொண்டு அக்கா குரலை எடுத்தேன். முதல் வாக்கியம்: "ஏங்க, மாத்திரைய ஏன் பாதியில நிறுத்துறீங்க?" இரண்டாவது: "போய் ஊரப் பாருங்க." மூன்றாவது: "பாத்துட்டுத் திரும்பி வூட்டுக்கு வாங்க." மூன்றும் பிசகாமல் வந்தன. ஒப்பந்தப்படி இப்போது நான் மயங்கிக் கீழே விழ வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, என் முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்தது. அது உப்புக் கரித்தது. பம்பை நின்றிருந்தது. கோவிந்தன் சுவரோடு ஒட்டி நின்றார். மாமா தரையில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா பண்ணேனா?" என்றேன் விஜயாவின் காதில்.

அவள் என்னை விட்டு ஓரடி தள்ளி உட்கார்ந்தாள். "மூணுக்கு மேல ஏன் பேசினீங்க?"

"மூணுதான் பேசினேன்."

"'சன்னல் சாத்தித்தான் இருந்துச்சு. நான்தான் சரியாப் பாக்கல'ன்னு சொன்னீங்க. ரெண்டு தடவ. எந்த சன்னல்?"

எனக்கு எந்த சன்னலும் தெரியாது.

மறுநாள் மாமாவின் பெட்டியை விஜயா ரகசியமாகத் திறந்து பார்த்தாள். கடைசி நாலு அறையும் அப்படியே காலி. அவள் அந்த நாலு நாள் மாத்திரையை வாங்கி, தன் கைப்பையின் அடியில், பருப்புப் பொடிக்குக் கீழே பதுக்கினாள். அப்படியே விமானம் ஏறினோம்.

நார்வேயில் மலை நடையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எங்களோடு வந்த எண்பது வயது வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சாக்லேட் கொடுத்தாள், நோயாளிக்குக் கொடுப்பது போல. மூன்றாம் நாள் தவறான பஸ்ஸில் ஏறி எதிர்த் திசையில் ஒரு மணி நேரம் போனேன். இறங்கிய கிராமத்தில் மரச் சட்டங்களில் மீனைத் தலைகீழாகக் கட்டிக் காயவைத்திருந்தார்கள். கண்ணை மூடினால் வைத்திக்குப்பம். நம்மூர்க் கருவாட்டுக்கு வெயில், அவர்களுக்குக் குளிர். நாற்றம் ஒன்றேதான்.

கப்பலில் மாமாவுக்கு இரண்டு கட்டில் அறை. மூன்றாம் நாள் காலை அறையைச் சுத்தம் செய்கிற பிலிப்பைன்ஸ் பெண் விஜயாவை நிறுத்திக் கேட்டாள். "அந்தப் பெரியவரோடு இருக்கும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? சாப்பிட வருவதே இல்லையே."

அவர் தனியாக இருக்கிறார் என்றாள் விஜயா.

அந்தப் பெண் சிரித்தாள். "இரண்டு படுக்கையையும் நான்தானே தினமும் தட்டிப் போடுகிறேன்."

"அண்ணன் மாத்தி மாத்திப் படுப்பாரு" என்று விஜயா எனக்கு விளக்கினாள். பிறகு நாள் முழுக்க என் கையை விடவில்லை.

பத்தாவது நாள் அந்த இடம் வந்தது. இரண்டு பக்கமும் மலை தண்ணீருக்குள்ளிருந்து நேராக எழுந்து நின்றது. கப்பலே மூச்சைப் பிடித்துக்கொண்டு போவது போலிருந்தது. மாமா நாள் பூராவும் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்தார். பத்தாவது அறை மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

பதினோராவது நாள் காலை அவர் அறை திறந்து கிடந்தது. ஆள் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை, லிப்டில் இல்லை. கைப்பிடி இல்லாமல் படியேறுவேன் என்று கையெழுத்துப் போட்டிருந்த நான் அன்றுதான் அதை நிஜமாக்கினேன். மேல்தளத்தில், பின்பக்கம், தனியாக நின்றிருந்தார். நான் ஓடிப்போய் அவர் ஸ்வெட்டரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். குளிருக்குப் பிடித்துக்கொண்டது போல.

"மாப்ள, உங்க அக்கா மாதிரி ஒரு தடவ பேசு" என்றார்.

"மாமா..."

"அன்னிக்கு நீ நடிச்சன்னு தெரியும். 'ஊரப் பாருங்க'ன்னு அவ சொல்லமாட்டா. வாத்தியாரம்மா எழுதிக் குடுத்ததாட்டம் இருந்துச்சி." தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "கடைசியா சொன்னது நீ இல்ல. அவ போன அன்னிக்கு, குளுருது, சன்னல சாத்துங்கன்னா. நான் நாற்காலியில தூக்கக் கலக்கத்துல, இரு சாத்துறேன்னேன். முழிச்சிப் பாத்தப்ப அவ உசுரோட இல்ல. எழுந்துபோய் சன்னலப் பாக்க எனக்குத் தைரியம் வரல. யார்கிட்டயும் சொல்லல. ஒரு தடவ பேசுடா, சாத்தித்தான் இருந்துச்சான்னு அவகிட்ட கேக்கணும்."

நான் பேசப் பார்த்தேன். ஐம்பது வருஷமாக நினைத்தவுடன் வந்த குரல். 'ஏங்க' என்று ஆரம்பித்தேன், பாட்டில் மூடிக்காரனின் கரகரப்புதான் வந்தது. மறுபடி முயன்றேன். தொண்டையில் அந்த இடம் துடைத்துவைத்தது போலக் காலியாக இருந்தது. இன்றுவரை வரவில்லை.

"வரல மாமா."

"அப்ப சொல்ல வேண்டியத அவ அன்னிக்கே சொல்லி முடிச்சிட்டா" என்றார். பின்னால் விஜயா படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். மாமா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். என் பிடி இறுகியது. அவர் அந்தக் கையால் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"விஜயா பையில ஒளிச்சி வச்சிருக்கிற மாத்திரைய எடுக்கச் சொல்லு" என்றார். "அப்படியே ஒன்னு கேளு. நம்ம ஊர்ல அந்தப் பல்லு டாக்டரு எந்தெந்தக் கெழமைல இருப்பாரு? இவனுங்க ரொட்டி கடவாப்பல்ல ஆட்டிடுச்சி. ஊருக்குப் போனதும் காட்டிப்புடணும்."